உந்தக் கம்பம்

நோர்மன் அண்ணை யாழ்ப்பாண நகரத்தில் மின்சார மீற்றர் வாசிக்கிறவர். இருபத்திரண்டு வருடமாக ஒழுங்கை ஒழுங்கையாக, சின்னச் சந்துகள் எல்லாம் நடந்து, வீட்டுச் சுவர்களில் ஓடும் இலக்கங்களைக் குறித்து, பில்லைக் கொடுத்துவிட்டுப் போகிறார். மோட்டார் சைக்கிள் ஒன்றும் வாங்கினார். அதை அவருடைய மனைவிதான் ஓட்டுகிறார்.

நடக்கிறவர் என்பதால் எங்கள் கண்ணில் படாதது எல்லாம் அவர் கண்ணில் படும். எந்த வீட்டின் முகப்பில் கட்டிய ஆண்டு இருக்கிறது, எந்த மதிலில் சீமெந்து உதிர்ந்து உள்ளே இருக்கும் முருகைக்கல், அந்தக் காலத்துப் பவளக்கல், தெரிகிறது, எந்தக் கதவு நிலைக்கு மேலே மூன்று கிளிகள் செதுக்கியிருக்கின்றன என்று கேட்டால் உடனே சொல்வார். ஆனால் யாரும் கேட்பதில்லை. அவரைக் கண்டால் சனம் கேட்பது, "ஏன் இந்தமுறை பில் இவ்வளவு கூட?" என்பது மட்டும்தான்.

அவர் எங்கள் பக்கத்து வீடு. நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை ஓரிடத்தில் இருக்க முடியாமல் அலைந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் கையால் எழுதிய தாள் ஒன்றுடன் வந்தார்.

"பிள்ளை, உம்மடை கொம்பியூட்டரிலை இதை அடிச்சுத் தருவீரோ?"

தாளில் ஒன்பது குறிப்புகள் இருந்தன. மணிக்கூட்டுக் கோபுரத்தில் தொடங்கி, நூலகம், கோட்டை, பிரதான வீதி என்று போய், பழைய பூங்கா வாசலில் முடியும் ஒரு தேடல். ஒவ்வொரு குறிப்பும் அடுத்த இடத்தைக் கண்டுபிடிக்க வைக்கும். வழிகாட்டி கிடையாது. தாளைப் பார்த்துத் தாங்களாகவே நடக்க வேண்டும். எங்கள் திருச்சபையின் ஆண்டு விழாவில் இதை நடத்த வேண்டும் என்பது அவருடைய ஆசை.

விழாக் குழுத் தலைவர் அருட்பிரகாசம் மாஸ்ரர் முதலில் சம்மதிக்கவில்லை.

"நோர்மன், சனம் விழாவுக்கு வாறது சாப்பிட. வெயிலிலை நடக்க இல்லை."

"நடந்தால் பசிக்கும் மாஸ்ரர். இன்னும் நல்லாச் சாப்பிடுவினம்."

மாஸ்ரர் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். "சனிக்கிழமை நாலு பேரை விட்டுப் பாப்பம். அவையள் ஒருத்தரிட்டையும் வழி கேக்கக் கூடாது. நீர் பின்னாலை போகவும் கூடாது. பன்னிரண்டு மணிக்குள்ளை வந்து சேர்ந்தால் செய்வம். வராட்டில் வழமைபோலை சங்கீதக் கதிரை விளையாட்டுத்தான்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நோர்மன் அண்ணை என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இது சரிவந்தால் எண்பது பேர், நான் பாக்கிறதை ஒருக்காப் பாப்பினம், பிள்ளை."

சனிக்கிழமை காலை எங்கள் திருச்சபைப் பிள்ளை றெபேக்காவும் அவளுடைய மூன்று நண்பர்களும் மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து புறப்பட்டார்கள். நோர்மன் அண்ணையும் மாஸ்ரரும் நானும் பழைய பூங்கா வாசலில் காத்திருந்தோம். அண்ணைக்கு நிற்க முடியவில்லை. பக்கத்துக் கடைக்குப் போய் அங்கிருந்த மீற்றரை ஒருமுறை வாசித்துவிட்டு வந்தார்.

பதினொன்றேகால் ஆனது.

"எங்கை உம்மடை ஆக்கள்?" என்றார் மாஸ்ரர்.

"வருவினம் மாஸ்ரர்." அவர்கள் எங்கே நிற்பார்கள் என்று கணிக்க, அண்ணை குறிப்புகளை மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினார். ஆறாவதற்கு வந்தார். "ஒழுங்கை வாசலிலை நில்லுங்கோ. உந்தக் கம்பத்திலை என்ன இலக்கமோ, அதுதான் வீட்டின்ரை இலக்கம். கதவுக்கு மேலை எத்தினை கிளி எண்டு எண்ணுங்கோ..."

நான் அடித்த தாளில் இருந்தது 'அந்தக் கம்பம்'.

எனக்குப் பக்கத்தில் இருப்பது இந்தக் கம்பம். தூரத்தில் இருப்பது அந்தக் கம்பம். உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது உந்தக் கம்பம். எங்கள் பேச்சில் மூன்றும் உண்டு. ஆனால் பள்ளிக்கூடக் கட்டுரையில் 'உந்த' என்று எழுதினால் சிவப்புக் கோடு விழும். அந்தப் பழக்கத்தில், தட்டச்சு செய்தபோது எல்லா 'உந்த'வையும் 'அந்த' ஆக்கிவிட்டேன். நல்ல தமிழாக்கிவிட்டேன் என்று பெருமையும் பட்டேன்.

அண்ணையைத் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னேன்.

அவர் கண்ணை மூடி அந்த ஒழுங்கையை நினைத்துப் பார்த்தார். "அப்ப அவையள் ஒழுங்கை முடிவிலை நிக்கிற கறண்டுக் கம்பத்தைப் பாத்திருப்பினம். அதிலை பதினேழு. பதினேழாம் இலக்கம் கனகாம்பிகை அக்கா வீடு." பெருமூச்சு விட்டார். "அவ கதைக்கத் துவங்கினால் பின்னேரம் ஆகும்."

"நான் சைக்கிளிலை ஓடிப்போய்ச் சொல்லட்டோ?"

"வேண்டாம். சொல்லிக் குடுத்தால் அவையளாக் கண்டுபிடிச்சதா இராது."

ஒரு சொல்கூட அவர் என்னை ஏசவில்லை. அது ஏச்சைவிடக் கஷ்டமாக இருந்தது.

பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது வீதி முடக்கில் அவர்கள் தெரிந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். ஐந்து பேர். ஐந்தாவது ஆள் குடை பிடித்த ஒரு அம்மா.

"கனகாம்பிகை அக்கா," என்றார் அண்ணை, நம்ப முடியாமல்.

றெபேக்கா மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னாள். பதினேழாம் இலக்க வீட்டு வாசலில் நின்று கதவுக்கு மேலே கிளிகளைத் தேடியிருக்கிறார்கள். கனகாம்பிகை அக்கா வெளியே வந்து, "என்ன பிள்ளையள், வீடு விக்கிறதெண்டு ஆரும் சொன்னதோ?" என்று கேட்டிருக்கிறார். ஒருவரிடமும் எதுவும் கேட்கக் கூடாது என்று இவர்கள் சொல்ல, "நான் உங்களைக் கேக்கலாம்தானே?" என்று தாளைப் பறித்து உரக்க வாசித்திருக்கிறார்.

"வாசிக்கேக்கைதான் எனக்குப் பிடிபட்டுது," என்றாள் றெபேக்கா. "நோர்மன் அண்ணை எங்கை இப்பிடிக் கதைக்கிறவர்? மாசாமாசம் எங்கடை கேற்றடியிலை நிண்டு, 'உந்த நாயைக் கட்டுங்கோ' எண்டெல்லோ கத்துறவர். உது உந்தக் கம்பமாத்தான் இருக்கவேணும் எண்டு திரும்பி ஓடினம். ஒழுங்கை வாசல் கம்பத்திலை இருபத்திமூண்டு இருந்தது. இருபத்திமூண்டாம் வீட்டிலை கிளியும் இருந்தது."

"எங்கடை ஒழுங்கையிலை கிளியோ எண்டு பாக்க நானும் வந்தன்," என்றார் கனகாம்பிகை அக்கா. "நாப்பது வருசம் அந்த வாசலாலை போய்வந்திருக்கிறன். ஒரு நாளும் அண்ணாந்து பாக்கேல்லை. ஒரு கிளிக்கு மூக்கில்லை, கண்டனீரோ நோர்மன்?"

"நடுக்கிளிக்கு," என்றார் அண்ணை.

மாஸ்ரர் ஒன்பது பதில்களையும் கணக்கு விடைத்தாள் போலத் திருத்தினார். நான் போய் என் பிழையைச் சொன்னேன். "கெட்டிக்காரி எண்டெல்லோ நினைச்சன்," என்று என்னைப் பார்த்துவிட்டு, அண்ணையிடம் திரும்பினார். "எண்பது தாள் அடிக்கவேணும். நீர் எழுதினபடியே."

கனகாம்பிகை அக்கா விடவில்லை. "நான் ஆறாவதிலைதானே ஏறினனான். முதல் அஞ்சும் என்ன?"

"கோபுரத்தடியிலை துவங்கோணும் அக்கா. நல்ல வெயில்."

"குடை இருக்கு."

அண்ணை சட்டைப் பையிலிருந்து தன் கையெழுத்துத் தாளை எடுத்துக் கொடுத்தார். அக்கா அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து முதல் குறிப்பை வாசித்தபடியே நடந்தார். நாங்கள் சாப்பிடப் போனோம். நோர்மன் அண்ணை வரவில்லை. அக்கா திரும்பி வந்து என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டுமாம். வாசலிலேயே நின்றுவிட்டார்.