ருசி பார்த்த புதன்கிழமைகள்

ஒரு நாளைக்கு நானூறு ரொட்டி சுடுகிற ஒருவர் அதில் ஒரு துண்டைக்கூட ஏன் சாப்பிடுவதில்லை? பேக்கரி அக்காவை முதலில் பார்த்தபோது எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. அவர் பிசைந்த மாவைக் கிள்ளி, உள்ளங்கையில் ஒரு தூக்கு தூக்கிப் பார்த்து, மேசையில் உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் தராசு சும்மா கிடந்தது. எண்பது கிராம் எது, எண்பத்தைந்து எது என்று அந்தக் கைக்குத் தெரியும். "கை பொய் சொல்லாது" என்பார்.

தராசு அவருடைய மதியச் சாப்பாட்டுக்கு. வேகவைத்த கோழி நூற்றைம்பது கிராம், வெள்ளரிக்காய் இருநூறு. அன்று ஒரு துண்டு வெள்ளரி கூடிவிட்டது. அதை எடுத்துக் கணவரின் தட்டில் வைத்தார். அடுப்பைப் பார்த்துக்கொள்கிற அந்த மனிதர் சூடான ரொட்டியை ஜாமில் புரட்டியபடி, "கொடுத்து வச்சவன் நான்" என்றார்.

அக்காவை ஜிம்முக்கு இழுத்துக்கொண்டு போனது அவருடைய நாத்தனார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அண்ணி மாவு மூட்டையை இடுப்பில் சாய்த்துத் தூக்குவதைப் பார்த்துவிட்டு, இந்த உடம்பை வைத்துக்கொண்டு வெறும் மாவா பிசைகிறீர்கள் என்று கேட்டாராம். அந்த ஜிம்மில் கண்ணாடி கிடையாது, மெத்தென்ற இருக்கை கிடையாது. பழைய கிடங்கு. கைப்பிடி வைத்த இரும்புக் குண்டுகள், தாவி ஏற மரப்பெட்டிகள், சுவரில் பெரிய கடிகாரம். குண்டைத் தூக்கு, பெட்டியில் தாவு, தரையில் விழுந்து எழுந்து குதி. இப்படி ஐந்து சுற்று, இருபது நிமிடம். கடிகாரத்துக்குக் கீழே, பயிற்சி தருகிற மாஸ்டர் கைப்பட எழுதி ஒட்டிய தாள்: ரொட்டி, அரிசி, கிழங்கு, சர்க்கரை கூடாது.

அங்கே வருகிறவர்களுக்கு இரண்டே பேச்சுதான். யார் எவ்வளவு தூக்கினார்கள், யார் எதைச் சாப்பிடாமல் இருந்தார்கள். இரண்டாவதில்தான் போட்டி அதிகம். பல் டாக்டரம்மா ஒருவர் பேக்கரி வாசலைத் தாண்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்வாராம். அக்கா அந்த வாசனைக்கு நடுவிலேயே நின்று எட்டு மாதம் வாயைக் கட்டினார்.

ஆனாலும் பன்னிரண்டாவது நிமிடம் வந்தால் போதும், கால்கள் டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். மூன்றாவது சுற்றிலேயே பெட்டிமேல் உட்கார்ந்துவிடுவார்.

"என் காலு எங்கடி போகுது?" என்று நாத்தனாரைக் கேட்பார்.

"பெட்டிக்குப் பின்னாடி தேடிப் பாருங்க அண்ணி, அங்கதான் எங்கயாவது கிடக்கும்."

மாதக் கடைசிச் சனிக்கிழமை ஜோடிப் போட்டி. இருவரும் இருபது நிமிடத்துக்குள் முடித்தால்தான் வெற்றி. அண்ணியும் நாத்தனாரும் ஒரு ஜோடி. ஏழு மாதம் தோற்றார்கள். ஏழாவது தடவை வீடு திரும்பும்போது நாத்தனார் சாலையையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அடுத்த தடவையும் முடியலைன்னா நான் பல் டாக்டரம்மாவோட சேர்ந்துக்கறேன். கோச்சுக்காதீங்க அண்ணி."

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். கடை, வீடு இரண்டையும் விட்டால் அவர் கால் வைத்த மூன்றாவது இடம் அந்த ஜிம்தான். அங்கே "இது என் ஜோடி" என்று அவரைக் காட்டிச் சொல்ல ஒரே ஒரு ஆள் இருந்தார்.

மாஸ்டரிடம் கேட்டார். பழத்தையும் நிறுத்திப் பாருங்கள் என்றார் அவர். நிறுத்தினார். பத்தாவது நிமிடத்திலேயே கால் போய்விட்டது. பழத்தைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்.

அக்காவிடம் ஒரு கடை நோட்டு உண்டு. ஒவ்வொரு தடவையும் என்ன மாவு, எவ்வளவு தண்ணீர், அடுப்பில் எத்தனை சூடு, ரொட்டி எழும்பியதா படுத்ததா என்று எழுதி வைப்பார். ரொட்டி படுத்துவிட்டால் ரொட்டியைத் திட்டமாட்டார், நோட்டைத்தான் புரட்டுவார். மாஸ்டர் சொல்லி எழுதுகிற சாப்பாட்டு நோட்டு இன்னொன்று. அதில் கால் போன நிமிடமும் இருக்கும். ஒரு மத்தியானம் அடுப்பு சூடேறும்வரை இரண்டையும் அருகருகே விரித்தார். மற்ற நாளெல்லாம் பன்னிரண்டு. புதன்கிழமைகளில் மட்டும் பதினாறு, பதினேழு. புதன்கிழமை மாஸ்டர் இரக்கப்படுகிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாராம்.

சாப்பாட்டு நோட்டில் புதன்கிழமையும் அதே கோழி, அதே வெள்ளரி. விடை கடை நோட்டில் இருந்தது. புதன் மத்தியானம் புதுவகை ரொட்டி சுட்டுப் பார்க்கிற நேரம். உப்பு சரியா, நடுவில் வெந்ததா என்று நாலைந்து துண்டு ருசி பார்ப்பார். அதை அவர் சாப்பாடு என்று எழுதியதே இல்லை.

"ருசி பாக்கறது வேலைங்க. வேலையைப் போய் யாராவது சாப்பாட்டுல எழுதுவாங்களா?" என்று இன்றும் கேட்கிறார். நியாயம் தன் பக்கம்தான் என்ற முகத்தோடு.

ஒரு தடவை ரொட்டி நன்றாக வந்ததற்காகப் பக்குவத்தை மாற்றுகிறவர் இல்லை அவர். அடுத்த திங்கள் மத்தியானம் நாலு துண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார், பதினெட்டு. வெள்ளிக்கிழமை சாப்பிடாமல் போனார், பன்னிரண்டு. யாரிடமும் மூச்சுவிடவில்லை.

சனிக்கிழமை போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பே நாத்தனார் கடைக்கு வந்துவிட்டார். அக்கா மாவு மூட்டைமேல் உட்கார்ந்து ரொட்டியில் தேன் தடவிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குப் போயா அண்ணி?"

"இன்னிக்குத்தான். நீயும் உக்காரு."

"தோத்துட்டா?"

"பல் டாக்டரம்மாகிட்ட போ. நான் கோச்சுக்க மாட்டேன்."

நாத்தனார் நின்றபடியே ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். இரண்டாவது துண்டுக்கு உட்கார்ந்துவிட்டார்.

போட்டியில் பன்னிரண்டாவது நிமிடம் வந்ததும் அக்கா பழக்கதோஷத்தில் பெட்டிமேல் உட்காரப் போனாராம். கால்கள் நின்றுகொண்டுதான் இருந்தன. சரி, வந்தது வந்தோம் என்று தாவினார். பதினாறில் முகம் அடுப்பின் வாய் மாதிரி சிவந்துவிட்டது. முன்பே முடித்துவிட்ட நாத்தனார், பேருந்தில் பிள்ளைகளை அதட்டுகிற குரலில் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். பத்தொன்பது நிமிடம் பத்து விநாடியில் அக்கா கடைசிக் குண்டைக் கீழே வைத்தார். நாத்தனார் கட்டிப்பிடித்த பிடியில் இரண்டு பேரும் தரையில் சாய்ந்தார்கள். எழுந்தபோது நாத்தனாரின் கறுப்புச் சட்டையெல்லாம் மாவு.

திங்கட்கிழமை மாஸ்டர் கடைக்கு வந்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார். அக்கா இரண்டு நோட்டையும் அவர்முன் விரித்தார். மாஸ்டர் புதன்கிழமைகளில் விரலை வைத்து வைத்துப் படித்தார். அப்புறம், "சுவத்துல இருக்கற தாளை வேற எழுதணும்" என்று நோட்டிடம் சொல்வதுபோலச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, அந்தப் புதன்கிழமை வகை ரொட்டி இன்றைக்கும் இருக்கிறதா என்று கேட்டார்.

அக்கா ஒரு துண்டு வெட்டி உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். அளவு சரியாகத்தான் இருந்திருக்கும், அந்தக் கை தப்பாது. இருந்தும் இன்னொரு துண்டு வெட்டி அதன்மேல் வைத்தார்.

வாயைக் கட்டிக்கொண்டு, பன்னிரண்டாவது நிமிடத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். அக்கா எனக்குக் கொடுத்த ரொட்டியையும் அனுப்பியிருப்பேன். வரும் வழியிலேயே தீர்ந்துவிட்டது.