வால்வுக்கு வைத்த பொட்டு

அந்த ஆண்டு ஆயுத பூசை வியாழக்கிழமை வந்தது. நினைவிலிருந்து சொல்லவில்லை, அன்றைய தினசரிக் காலண்டர் தாள் என்னிடம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் படித்த நான், முக்கியமான நாள் என்று எனக்குப் பட்டால் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் நடந்ததை இரண்டு வரியில் எழுதி வைப்பேன். அன்று எழுதிய இரண்டு வரிகளில் ஒன்று சரி. மற்றது தவறு.

ஆவடியில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குடியிருப்பில் இருந்தோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பாவின் தங்கையும் எங்களோடுதான் இருந்தாள். அத்தை அம்பத்தூர் எஸ்டேட்டில் டிரான்ஸ்ஃபார்மருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வேலைக்குப் போவாள். மிச்ச நேரமெல்லாம் பெடல் ஸ்டீல் கிடார். தோளில் மாட்டிக்கொள்ளும் கிடார் இல்லை அது. நான்கு கால்களில் மேசைபோல நிற்கும். மேலே பத்துக் கம்பிகள்; கீழே காலால் மிதிக்கும் பெடல்கள், முழங்காலால் தள்ளும் பிடிகள். கம்பிகளின்மேல் ஓர் இரும்பு உருளையை வழுக்கிக்கொண்டே வாசிப்பாள். அது வீட்டுக்கு வந்த வாரம் எதிர்வீட்டு அக்கா சேலையோடு வந்து, "மெஷின் வாங்கிட்டீங்களாமே, இதுக்கு ஃபால்ஸ் அடிச்சிக் குடுங்களேன்" என்று கேட்டாள். அத்தை சேலையை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது தைக்காதுக்கா. கிழிக்கிற மெஷின்."

உண்மையில் கிழித்தது ஆம்ப்ளிஃபயர். அதை அத்தையே கட்டியிருந்தாள். டிரான்ஸ்ஃபார்மர்கூட அவள் சுற்றியதுதான். பிளைவுட் பெட்டி, பதினைந்து அங்குல ஸ்பீக்கர், பின்பக்கத் திறப்பில் பழைய ரேடியோக்களில் இருப்பதுபோன்ற நான்கு கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டால் வால்வுகளுக்குள் தணல் ஏறும். ஒவ்வொன்றின் உச்சியிலும், கண்ணாடிக்கு உள்பக்கம், வெள்ளிப் பூச்சு மின்னும். மெல்ல வாசித்தால் குழைந்து வரும் சத்தம், வலது காலால் வால்யூம் பெடலை அழுத்த அழுத்தக் கரகரத்து உடையும். ராக் வாசிப்பவளுக்கு அந்த உடைசல்தான் வேண்டும் என்பாள். எங்கள் சமையலறைத் தட்டுகளும் சேர்ந்து அதிர்ந்தன. மூன்று வீடுகளிலிருந்து குடியிருப்புச் சங்கத்துக்குப் புகார் போயிற்று.

வீடு அப்பாவின் பேரில் கொடுக்கப்பட்டது. அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"பூச மேடையில ஒரே ஒரு பாட்டு வாசி. நடுவுல நிக்காம முடிச்சேன்னா பொட்டி இங்கனயே கெடக்கட்டும். நின்னு போச்சின்னா மைக்செட்காரர் வண்டியில ஏத்திர வேண்டியதுதான்."

மைக்செட்காரர் நசரத்பேட்டையில் கடை வைத்திருந்த அப்பாவின் நண்பர். அத்தை "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு, அந்த வாரம் முழுக்க இரண்டு மடங்கு சத்தத்தில் பழகினாள்.

பூசையன்று காலை அம்மா சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் என்னிடம் கொடுத்தாள். சைக்கிள், மிக்ஸி, அப்பாவின் ஸ்பேனர்கள், என் பென்சில் டப்பா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். கிடாருக்கு வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயர் பக்கம் திரும்பியபோது அப்பா தடுத்தார்.

"அதுக்கு வேண்டாம்ட்டி. சாயங்காலம் போற சாமான்."

எனக்குப் பொறுக்கவில்லை. அரிவாள்மனைக்கே பொட்டு உண்டு. அத்தை அதுவரை வாசித்துவிட்டு, சுவிட்சை அணைக்காமல் குளிக்கப் போயிருந்தாள். அப்பா வாசலுக்குப் போனதும் நான் பெட்டியின் பின்பக்கம் போய், இருப்பதிலேயே பெரிய வால்வின் நெற்றியில் ஈரச் சந்தனத்தை வைத்தேன். டிக் என்று சின்னதாக ஒரு சத்தம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உச்சியிலிருந்த வெள்ளிப் பூச்சு மங்கிப் பால்வெள்ளையாயிற்று. கண்ணாடிக்குள் விபூதி. என் பொட்டைச் சாமி ஏற்றுக்கொண்டுவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அத்தை குளித்துவிட்டு வந்து, உள்ளே பார்க்காமல் பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டி மேடைக்குப் போயிற்று.

மாலையில் குடியிருப்பின் பூசை மேடையில் அத்தை கிடாருக்கு முன் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டாள். சத்தம் வரவில்லை. பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். பிறகு துப்பட்டா நுனியால் உள்ளே எதையோ துடைத்தாள். தூசி என்று நினைத்தேன்.

"என்னம்மா, தையல் மெஷின் மக்கர் பண்ணுதா?" என்றார் முன்வரிசையில் இருந்த சங்கச் செயலாளர். சிரிப்பு பின்வரிசைவரை போயிற்று. அப்பா சிரிக்கவில்லை, வண்டி நின்ற பக்கம் பார்த்தார்.

மைக்செட்காரர் மேடையேறினார். "இன்னாம்மா, இன்னா ஆச்சு?"

"வால்வு போச்சுண்ணே. உங்க கூம்பு ஸ்பீக்கர்ல வயரைக் குடுங்க."

"அது கல்யாண ஊட்டுக்குக் கட்றது கண்ணு. இத்த குட்த்தா சவுண்டு கிழிஞ்சிடும்."

"கிழியட்டும்."

"அப்பால என்னிய கேக்கக் கூடாது" என்று வயரை மாட்டினார். அத்தையின் பெட்டி தன் கைக்கு வர வேண்டுமானால் அவர் சும்மா நின்றிருந்தாலே போதும்.

விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த கூம்பிலிருந்து வந்ததை முதலில் யாரும் வாசிப்பென்று எண்ணவில்லை. மாடியில் காக்கைகள் எழும்பின. தகரத்தைக் கிழித்து, கிழிசலின் ஓரத்திலேயே ஒரு மெட்டைப் பாடுவதுபோல இருந்தது. அத்தையின் இரண்டு கால்களும் முழங்கால்களும் தனித்தனி ஆட்கள்போல வேலை செய்தன. செயலாளர் எழுந்து, போதும் என்று கையைக் காட்டினார். அத்தை அவரை நேராகப் பார்த்து வலது காலை அடிவரை அழுத்தினாள்.

"ஆஃப் பண்ணுய்யா" என்று அவர் மைக்செட்காரர் பக்கம் திரும்பினார்.

"சுச்சு ஷாக்கு அடிக்குது சார். தொட முடியல." அந்த சுவிட்ச் இருந்த மைக்செட் பெட்டியின்மேல்தான் அவருடைய முழங்கை ஊன்றியிருந்தது.

முன்வரிசை எழுந்து போயிற்று. காலியான நாற்காலி ஒன்றில் எதிர்வீட்டு அக்கா வந்து உட்கார்ந்தாள். அவள் பின்னால் இன்னும் சிலர். அத்தை யாருக்காகவும் ஒரு வரியைக்கூடக் குறைக்காமல் வாசித்து முடித்தாள். அப்பா மேடையேறி ஆம்ப்ளிஃபயரின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தைப் பிடித்த மைக்செட்காரர் வண்டிப் பக்கம் இழுக்க, அப்பா வீட்டுப் பக்கம் இழுத்தார். "முடிச்சிட்டால்லா" என்று மட்டும் சொன்னார்.

கூட்டம் கலைந்ததும் கூம்பைக் கீழே இறக்கினார்கள். அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"சந்தனம் இருக்காட்டி? இதுக்கும் ஒரு பொட்டு வை. சூடா இருக்கான்னு தொட்டுப் பாத்துட்டு வை."

தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன். அத்தை சிரித்தாள்.

சுடும் கண்ணாடியில் ஈரம் பட்டால் விரிசல் விடும் என்பதும், விரிசல் வழியே காற்றுப் புகுந்தால் வால்வின் வெள்ளி வெளுத்துப்போகும் என்பதும் எனக்குக் கல்லூரியில்தான் தெரியவந்தது. அன்று வீட்டுக்கு ஓடிவந்து காலண்டர் தாளைக் கிழித்து எழுதியது இது: "அத்தை நிறுத்தவில்லை. வால்வுக்குள் விபூதி வந்தது யாருக்கும் தெரியாது."