வெண்கலம் வாய் மூடிய நாட்கள்

மொத்தப் பழ மார்க்கெட்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெண்கலம் என்றால்தான் தெரியும். ஏலம் போடுகிற அந்தத் தொண்டை அப்படி. ஆரஞ்சுப் பெட்டி ஒன்றின் மேல் காலை வைத்துக்கொண்டு அவர் கூவ ஆரம்பித்தால், வாசலில் லாரியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருக்கிற டிரைவர்கூட ஹாரனை விட்டுவிட்டுக் காது கொடுப்பார். "என்ன முதலாளி, மாதுளைய இப்படி உத்து உத்துப் பார்க்கறீங்க? பொண்ணா பார்க்க வந்தீங்க?" என்று அவர் கேட்டால், அந்த முதலாளி வெட்கத்திலேயே விலையை ஒரு படி ஏற்றிவிடுவார்.

சனிக்கிழமை மட்டும் அந்தக் குரல் மார்க்கெட்டில் கேட்காது. வெண்கலம் யூதர். ஊரில் அவர்கள் கொஞ்சம் குடும்பங்கள்தான். ஒரு துணிக்கடைக்குப் பின்னால் இருந்த சின்ன ஜெப ஆலயம் அவர்களுக்குத் தாராளமாகப் போதும். அங்கே தோல் சுருளை விரித்து, அவர்களுடைய வேதமான தோராவில் அந்த வாரத்துப் பகுதியை ராகத்தோடு வாசிப்பவர் அவர்தான். அவர் வாசிக்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும் என்று பின்வரிசைக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

வெண்கலத்துக்கு ஒரு தம்பி. அவனுக்குப் பேச்சு திக்கும். முதல் எழுத்திலேயே நாக்கு மாட்டிக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைக்கும். கண் இமை படபடக்கும். அண்ணனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சின்ன வயதிலேயே தம்பிக்கும் சேர்த்துத் தானே பேசப் பழகிவிட்டார். வகுப்பில் தம்பியின் பெயரைக் கூப்பிட்டால், பக்கத்து வகுப்பிலிருந்து "உள்ளேன் ஐயா!" என்று இவர் குரல் கொடுத்து அடி வாங்கிய கதையும் உண்டு. தம்பிக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் பேச்சு முழுக்க இவருடையதுதான். கடைசியில் அந்தப் பெண்ணே கேட்டுவிட்டாள்: "நான் யாரைக் கட்டிக்கணும்? பேசறவரையா, பேசாதவரையா?" எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் முடிவாயிற்று.

தம்பிக்கு வேலையும் அதே மார்க்கெட்டில்தான். பழங்களை வைக்கிற குளிர் அறைகளின் இயந்திரங்கள் அவன் பொறுப்பு. கம்ப்ரசரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே, அது இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று சொல்லிவிடுவான். சொல்ல நேரமாகும். அவ்வளவுதான்.

எல்லாம் ஒரு கூட்டத்தில் கெட்டது. மார்க்கெட்டுக்கு ஒரு மேலாளர் தேவைப்பட்டார். சங்கத் தலைவர் எல்லோரையும் பெரிய ஷெட்டில் கூட்டி, "நம்ம ஐஸ் ரூம் தம்பியையே போட்டுடலாமா? என்ன தம்பி, உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார். தம்பி எழுந்து நின்றான். இருநூறு முன்னூறு பேர் அவனையே பார்த்தார்கள். "எ... எ... எனக்கு..." அதற்கு மேல் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. எங்கோ ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

வெண்கலத்துக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டார். "அவனுக்கு இதெல்லாம் வேண்டாங்க! அவன் பாட்டுக்கு மிஷினைப் பார்த்துக்கிட்டு நிம்மதியா இருக்கட்டும்!"

அந்தக் குரலுக்கு மறுபேச்சு ஏது? "சரி, அண்ணனே சொல்லிட்டார்" என்று தலைவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். தம்பி கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு உட்கார்ந்தான்.

அன்று வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமலே அண்ணனிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். அதைச் சொல்லி முடிக்க அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. "நீ... நீ என் வா... வாய் இல்ல." அடுத்த மாதமே பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். பால் குளிரூட்டும் நிலையம் ஒன்றில் வேலை என்று காற்றுவாக்கில் தெரிந்தது. வெண்கலம் இரண்டு முறை போன் செய்தார். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இவரும் "நல்லது பண்ணப் போய் எனக்குக் கெட்ட பேர்" என்று வீம்பாக இருந்துவிட்டார். ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது.

பிறகுதான் தொண்டை மக்கர் செய்தது. முதலில் கரகரப்பு, அப்புறம் நடு ஏலத்தில் குரல் அறுந்து வெறும் காற்று வந்தது. குரல் நாணில் சதை வளர்ந்திருக்கிறது என்று சொல்லி டாக்டரம்மா அறுவைச் சிகிச்சை செய்தார். புற்று இல்லை என்று தெரிந்ததும் வெண்கலத்தின் மனைவி அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டாக்டரம்மா விரலை ஆட்டி எச்சரித்தார்: "ரெண்டு வாரத்துக்கு வாயே திறக்கக் கூடாது. ரகசியம் பேசற மாதிரிகூடக் கூடாது. அது இன்னும் மோசம்."

"இதையே வருஷத்துக்கு ரெண்டு தடவை எழுதிக் குடுங்க டாக்டர்" என்றாள் மனைவி. வெண்கலத்துக்கு அதற்குப் பதில் சொல்ல நாக்கு துடித்தது. விழுங்கினார்.

அந்தச் சனிக்கிழமை ஜெப ஆலயத்தில் அவருக்குப் பதிலாக ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வாசித்தார். ராகம் ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். வரிக்கு வரி நின்று, மூக்குக் கண்ணாடியைத் தூக்கி, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து வாசித்தார். வெண்கலத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆனால் என்ன செய்ய முடியும்? கேட்டுக்கொண்டிருந்தார்.

அடிமைப்பட்ட மக்களை மீட்டு வர மோசேயைக் கடவுள் அழைக்கிற பகுதி அது. மோசே மாட்டேன் என்கிறார்; என் நாக்கு கனத்தது, எனக்குப் பேச வராது என்கிறார். உன் அண்ணன் ஆரோன் இருக்கிறானே, அவன் உன்னைச் சந்திக்கப் புறப்பட்டு வந்துகொண்டிருக்கிறான், உன்னைக் கண்டதும் மனதுக்குள்ளே மகிழ்வான் என்று கடவுள் சொல்கிறார். தபால்காரர் அந்த இடத்தில் தடுமாறி அதே வரியைத் திரும்ப வாசித்தார்.

வருஷா வருஷம் வெண்கலம் வாசித்த வரிதான். அந்த இடத்தில் குரலை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இன்றுதான் அது காதில் விழுந்தது. ஆரோன் மூத்தவர். பெரிய பொறுப்பு இளையவனுக்குப் போகிறது. அப்படியிருந்தும் அந்த அண்ணன் மனதுக்குள்ளே மகிழ்வாராம். வெளியே சிரிப்பது யாருக்கும் வரும். மனதுக்குள்ளே?

வெண்கலம் அந்தக் கூட்டத்தை நினைத்துப் பார்த்தார். தம்பி பாவம், கூட்டத்தில் அவமானப்படக் கூடாது என்றுதான் எழுந்தேன் என்று இத்தனை நாளும் தனக்கே சொல்லி வந்தார். பொய்யில்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் கிடந்தது. தம்பி மேஜை போட்டு உட்கார, தான் வெயிலில் பெட்டி மேல் நின்று கூவுவதா? அந்த நினைப்பு அன்றைக்கு ஒரு நொடி வந்து போனது அவருக்கே தெரியும்.

தபால்காரர் தட்டுத்தடுமாறி மேலே போனார். ஆரோன் மோசேக்கு வாயாக இருப்பார். ஆனால் மோசே சொல்லிக்கொடுப்பதைத்தான் ஆரோன் பேசுவார். அந்த மனிதர் முதலில் தம்பி சொல்வதைக் கேட்டார், பிறகுதான் வாயைத் திறந்தார். சொந்தச் சரக்கை அவிழ்த்துவிடவில்லை. வெண்கலம் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிய கணவரை மனைவி வாசலில் மறித்தாள். "எங்கே?" தம்பியின் கல்யாணப் படத்தைக் காட்டினார். "அட, குரல் வரட்டுங்க. வந்ததும் போய் நாலு வார்த்தை பேசிட்டு வரலாம்." அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். குரல் வந்துவிட்டால் அந்த நாலு வார்த்தை நாற்பதாகும் என்று அவருக்குப் பயம். மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பஸ் கண்டக்டரிடம் காட்ட ஊர்ப் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

பால் நிலையத்தின் வாசலில் காவல்காரர் தடுத்தார். "யாரைப் பார்க்கணும்?" வெண்கலம் தொண்டையைத் தொட்டுக் காட்டினார், வாயைத் திறந்து மூடினார், கையை விரித்தார். காவல்காரர் முகம் உடனே இளகிவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க ஐயா. அவசரமே இல்ல, மெதுவா வரட்டும். எங்க சூப்பர்வைசருக்கும் இப்படித்தான். நாங்கள்லாம் பழகிட்டோம்." கொஞ்சம் உற்றுப் பார்த்தார். "மூக்கும் அதே மூக்கா இருக்கே! சாரோட அண்ணனா? ஓ, குடும்பத்துலயே இருக்கா?"

ஊரையே வாயால் விலை பேசியவர், ஆமாம் என்று தலையாட்டினார்.

உள்ளே ஈரத் தரை, எவர்சில்வர் தொட்டிகள், பச்சைப் பாலின் வாசனை. ஒரு தொட்டியடியில் ரப்பர் பூட்ஸ் போட்ட நாலைந்து பேர் நின்றார்கள். நடுவில் தம்பி. காதோரம் நரைத்திருந்தது. எந்த வால்வை மூட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். "மே... மே..." என்று சொல் மாட்டிக்கொண்டது. ஒருத்தரும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஒருவர் பாட்டுக்கு ஸ்பானரைத் துடைத்தார். இன்னொருவர் தொட்டியில் சாய்ந்து நின்றார். "மேல் வால்வு" என்று வந்ததும், "சரி சார்" என்று நகர்ந்தார்கள். இவ்வளவுதானா விஷயம் என்று வெண்கலம் நின்று பார்த்தார்.

தம்பி திரும்பினான். பார்த்தான். முகம் இறுகியது. "எ... எதுக்கு வந்தே?"

வெண்கலம் ஒரு அடி முன்னால் வந்து நின்றார்.

"இ... இப்பவும் கோ... கோபமா? பேச மாட்டியா?"

காவல்காரர் பின்னாலிருந்து, "சார், கோச்சுக்காதீங்க. அண்ணனுக்கு உங்களைவிட ஜாஸ்தி போலிருக்கு. ஒரு எழுத்துகூட வரல" என்றார்.

தம்பி ஒரு கணம் விழித்தான். இவரைப் பார்த்தான். இவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, தொண்டையில் கத்தரிப்பதுபோல் விரலால் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். தம்பிக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே வந்தவன் பாதி வழியில் அழத் தொடங்கிவிட்டான். ஈரக் கையுறையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் அண்ணனைக் கட்டிக்கொண்டான். வெண்கலம் அவன் நெற்றியில் முத்தமிட்டார்.

கேன்டீனில் டீ வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தம்பி பேசினான். வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணன் அவனுடைய ஒரு வாக்கியத்தையும் பாதியில் பிடுங்கவில்லை, பிடுங்க வழியுமில்லை. டீ ஆறியது. "அ... அன்னைக்கு நான் என்ன சொல்ல எழுந்தேன் தெ... தெரியுமா அண்ணே? எனக்குச் சம்மதம்னு. கூட்டத்துல பே... பேசற வேலைய மட்டும் எங்க அண்ணன் பார்த்துக்கட்டும், நான் சொல்றதை அவர் சொல்லட்டும்னு."

வெண்கலம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தம்பி அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான்.

குரல் திரும்பி வந்தது, ஆனால் பழைய வெண்கலம் இல்லை. கொஞ்சம் தகரம் கலந்திருந்தது. மார்க்கெட்டில் மைக் வாங்கி வைத்தார்கள். அரை நாள்தான் ஏலம். ஜெப ஆலயத்தில் தபால்காரரும் அவரும் மாறி மாறி வாசிக்கிறார்கள். தன் முறை இல்லாத வாரங்களில் வெண்கலம் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்வார். தொண்டையை அறுத்த அந்த டாக்டரம்மாவுக்காக அங்கே தினமும் ஒரு வேண்டுதல் உண்டு. தம்பி அந்த ஊரிலேயே இருக்கிறான். அங்கே நன்றாகத்தான் இருக்கிறான், எதற்குக் கிளப்ப வேண்டும்?

வாரம் ஒருமுறை போன் பேசிக்கொள்வார்கள். ஒருநாள், அண்ணன்மாரே அடிமையாக விற்றுவிட்ட யோசேப்பின் கதை வந்தது. தம்பி கேட்டான்: "ஆ... ஆரம்பத்துல அண்ணன்மாருக்கு அவன்கிட்ட ஒரு நல்ல வார்த்தை பேச வரலைன்னு இருக்கு. கடைசியில கட்டிப்பிடிச்சு அழுதாங்க, அ... அதுக்கப்புறம் பேசினாங்கன்னு இருக்கு. என்ன பே... பேசினாங்கன்னு மட்டும் இல்லையே, ஏன்?"

வெண்கலத்துக்கு உடனே ஒரு பதில் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் தம்பி மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. அவன் இன்னும் முடிக்கவில்லை. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார். உள்ளேயிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?" என்று குரல் கொடுத்தாள். இன்னும் நேரமாகும் என்று கையை ஆட்டினார்.