மாமனார் தூக்கிய விரல்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிப்பவள் நான்தான். டிப்ளமோ படித்துவிட்டு வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிறேன், எந்தச் சத்தத்துக்குப் பின்னாலும் ஒரு ஒயர் இருக்கும் என்று நம்புகிற புத்தி. நீங்கள் நம்பாவிட்டால் கோபமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் பாதி ஆண்கள் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விடுவார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான், அவருக்கு முன்னால் என் மாமனாரும். அந்த இரைச்சலில் நின்று நின்று மாமனாருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. பக்கத்தில் குக்கர் விசில் அடித்தாலும் திரும்ப மாட்டார், அவரிடம் எல்லாம் சைகைதான்.

ஆம்ப்ளிஃபயருக்குச் சத்தம் கொடுத்துச் சோதிக்க நானே ஒரு சிக்னல் ஜெனரேட்டர் செய்தேன். பெரிய வித்தை இல்லை, ஒரு ஐ.சி., கொஞ்சம் கெப்பாசிட்டர், சின்ன ஸ்பீக்கர், எல்லாம் ஒரு பழைய டிபன் பாக்ஸுக்குள். மேலே இருக்கும் திருகைத் திருப்பத் திருப்பச் சத்தம் கீச்சென்று ஏறும். வீட்டுக்காரர் ஊருக்கு வரும்போதெல்லாம் அதை வைத்து அவர் காதையும் பார்ப்பேன். முதுகைக் காட்டி உட்காருவார், கேட்கும்வரை விரலைத் தூக்கி வைத்திருப்பார், கேட்காத இடத்தில் இறக்குவார், அங்கே நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பேன். மாமனார் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு தடவையும் பொட்டு கீழே இறங்கிக்கொண்டே வந்தது.

கடைசியாக ஊருக்கு வந்தபோது, "நிறுத்திட்டியா அம்மணி?" என்றார் வீட்டுக்காரர். பெட்டி என் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது.

"கத்திக்கிட்டுத்தானுங்க இருக்குது. பின்னால வண்டி வந்தாக்கூட உங்களுக்குத் தெரியாது. ஊட்டோட இருந்துக்கோங்க."

"இந்த ஒரு நடை மட்டும் போயிட்டு வாரேன்."

அவர் போய்விட்டார்.

ஒரு மத்தியானம் மல்டிமீட்டரில் பேட்டரி தீர்ந்துவிட்டது. பெட்டியில் இருந்ததைக் கழற்றி மீட்டரில் போட்டேன், இரண்டுக்கும் ஒரே பேட்டரியை மாற்றி மாற்றிப் போடுவது என் கஞ்சத்தனம். சத்தியமாகச் சொல்கிறேன், பேட்டரி என் கையிலிருந்த மீட்டரில்தான் இருந்தது. அப்போது கட்டிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மாமனார் விரலைத் தூக்கினார்.

"அந்தப் பொட்டிய நிறுத்து சாமி, காதக் கொடையுது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெட்டிமேல் கையை வைத்தேன். ஸ்பீக்கர் அதிர்ந்துகொண்டிருந்தது, கையை எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். கொஞ்ச நேரத்தில் அதிர்வு நின்றது, அவர் விரலும் இறங்கியது. உடனே என் போன் அடித்தது. ரிக் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது எல்லோரும் கத்தியிருக்கிறார்கள், என் வீட்டுக்காரர் மட்டும் திரும்பவில்லையாம்.

பெட்டியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன், பேட்டரி போடுவதே இல்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, அவருடைய பொட்டுகள் அதில்தான் இருக்கின்றன. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனார் மறுபடியும் விரலைத் தூக்கினார். என்னவென்று சைகையில் கேட்டேன். பீரோவையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இன்னும் மேல திருப்பச் சொல்றான் அம்மணி. இப்ப அவனுக்கு நல்லாக் கேக்குதாமா."