வேட்டித் திரையின் மறுபக்கம்

பேசாத காலத்துத் திரைப்படங்களைத் தாமே இயக்கித் தாமே நடித்த அந்த நகைச்சுவைக் கலைஞரை நான் முதன்முதலில் கண்டது என்னுடைய இரண்டு வேட்டிகளின் மேல்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சவ்வாது மலைமேல் ஓர் உறைவிடப் பள்ளியில் நான் தமிழாசிரியன். மணமாகி ஐந்து திங்கள் ஆகியிருந்தன. என் மனைவி வேலூர் நகரத்தில், திரையரங்கு இருந்த தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள். மலையில் அவளுக்குக் கிடைத்தவை ஓர் ஓட்டு வீடும், ஓயாத சாரலும், நானும். நான் வீட்டிலும் வகுப்பறைத் தமிழே பேசுவேன். “உணவு அருந்தலாமா?” என்பேன், “ம்” என்பாள். அந்த ஐந்து திங்களில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை.

ஆடி பிறந்ததும் அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்ல அவளுடைய தமையன் வருவதாக இருந்தது. புதுமணப்பெண் ஆடியில் செல்வதும் ஆவணியில் திரும்புவதும் வழக்கம். இவள் திரும்புவாளா என்பதே என் ஐயம். ஒரு மாதம் தங்கிவரச் செல்பவர் எவரும் தம்முடைய புடவை அனைத்தையும் பெட்டியில் மடித்து வைப்பதில்லை. இவள் வைத்திருந்தாள். நான் கண்டும் கேட்கவில்லை.

ஆனியின் கடைசி ஞாயிறன்று அரசின் பரப்புரை வண்டி ஒன்று படக்கருவியுடன் எங்கள் பள்ளிக்கு வந்தது. தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்து வருபவர்கள் கரடிக்கு அஞ்சி, பொழுது சாயுமுன் வீடு திரும்பவேண்டும். ஆகவே நண்பகலிலேயே பள்ளியின் பெரிய கூடத்துச் சன்னல்களைக் கம்பளிகளாலும் சாக்குகளாலும் அடைத்து இருட்டாக்கினோம். கருவியை இயக்க வந்தவர் வாணியம்பாடியைச் சேர்ந்த இசுலாமியப் பெரியவர். வந்திறங்கியதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“திரைய ஆபீஸ்லயே வுட்டுட்டு வந்துட்டேன் வாத்தியாரே. வெள்ளத் துணி எதுனா கீதா?”

என் நாலு முழ வேட்டிகள் இரண்டை மனைவி அரைமணியில் இணைத்துத் தைத்துக் கொடுத்தாள். கூட்டம் எதுவாயினும் ஆடவரும் பெண்டிரும் தனித்தனியே அமர்வது அவ்வூரார் வழக்கம். ஆதலால் பெரியவர் அந்தத் துணியைச் சுவரில் மாட்டாமல் கூடத்தின் நடுவே குறுக்காகக் கட்டினார். கருவியின் பக்கம் ஆடவர். பின்வாயில் வழியே வந்து மறுபக்கம் பெண்டிர். மெல்லிய துணியாதலால் படம் இருபுறமும் தெரியும். பெண்டிருக்கு மட்டும் இடம் வலம் மாறித் தெரியும்.

“ஊமப் படம் வாத்தியாரே. நடுநடுவுல இங்கிலீசு எழுத்து வரும். நீங்கதான் தமிழ்ல சொல்லணும். நான் சொன்னா பாதி உருதுவாப் பூடும். அப்புறம் படத்த வுட்டுட்டு என்னப் பாத்து சிரிப்பாங்க.”

கதை எளியது. ஒரு சீமாட்டி தவறவிட்ட குடையை ஏழை ஒருவன் கண்டெடுக்கிறான். அதை உரியவளிடம் சேர்க்கப் புறப்பட்டு, காற்றோடும் காவலரோடும் ஒரு திருமண ஊர்வலத்தோடும் மோதி அல்லற்படுகிறான். அந்த எழுத்துகளை, அவற்றுக்குத் தகுந்ததென நான் கருதிய நடையில் உரக்கப் பெயர்த்தேன். “நங்காய், தங்கள் குடையைக் கொணர்ந்தேன், ஏற்றருள்க.” “அன்பரே, இக்குடை எனதன்று.” காவலர் துரத்தும்போது, “கள்வனே, நில்!”

முன்பக்கத்தில் என் மாணவர்களின் தந்தையர் துண்டால் வாயை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தனர். மறுபக்கமோ வெடித்தது. அந்த ஆரவாரத்தின்மேல் ஒரு சிரிப்புத் தனித்து எழுந்தது. இருமலைப்போல் தொடங்கி, அடக்க முயன்று தோற்று, மூச்சு வாங்கி, மீண்டும் தொடங்கும் சிரிப்பு. யாரோ மலைப்பெண் என்றெண்ணினேன். இடையே “அய்யோ, என்னால முடியல” என்ற குரல் கேட்டதும்தான் அது என் வீட்டுக்காரியின் குரல் என்றறிந்தேன். படிப்பதை மறந்து நின்றேன்.

“எழுத்து போய்கினே கீது வாத்தியாரே!” என்று பெரியவர் என் தோளைத் தட்டினார்.

அன்று அந்தக் கலைஞர்மேல் நான் கொண்டது பொறாமை என்றே சொல்லவேண்டும். எங்கோ பிறந்து, குரலே இல்லாமல், என் வேட்டியின்மேல் தடுமாறி விழுந்த ஒருவர் அரைமணியில் செய்ததை என்னால் ஐந்து திங்களில் செய்ய இயலவில்லை. மாலையில் மனைவியிடம் கேட்டேன்: “எந்தக் காட்சி உன்னை அவ்வாறு நகைக்க வைத்தது?”

“காட்சியா? எனக்கு முன்னால மூணு பேரு கொழந்தைய தூக்கி வெச்சிகினு நின்னாங்க. அந்தாளு மூஞ்சியே சரியா தெரியல.”

“பின் எதற்காக?”

“நீங்கதான்... ‘கள்வனே நில்’லுன்னீங்களே!” முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“என் மொழி உனக்கு எள்ளலாயிற்று” என்றேன். முந்தானை இறங்கியது, முகம் வாடியிருந்தது. மூன்றாம் நாள் தமையன் வந்தார். மலையடிவாரத்து அமிர்தி வரை இறங்கிச் சென்று வேலூர்ப் பேருந்தில் ஏற்றினேன். சன்னலிலிருந்து அவள் என்னையே பார்த்தாள். வந்துவிடு என்ற ஒரு சொல்லை நான் சொல்லவில்லை.

ஆடி நீண்டது. ஒருநாள் ஊற்றுக்கு நீர் எடுக்கச் சென்றேன். அங்கே ஒருத்தி மற்றவளின் இடுப்பில் குடத்தை ஏற்றிவிட்டு, “நங்காய், ஏற்றருள்க!” என்றாள். என்னைக் கண்டதும் உறைந்துபோனார்கள். அவர்களுள் மூத்தவள் முன்வந்தாள்.

“கோச்சிக்காதீங்க ஐயா. உங்க வூட்டம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க.”

“எப்போது?”

“ஊருக்குப் போறதுக்கு மொத நாளு. நீங்க படிச்சத ஒண்ணு வுடாம ஒப்பிச்சாங்க. ‘எங்க வூட்டுக்காரரு மாதிரி யாரால சொல்ல முடியும்’னு ஒரே பெரும.”

“சொல்லி முடிச்சிட்டு அழுதாங்களே, அத இன்னாத்துக்கு மறைக்கிற?” என்றாள் குடம் ஏந்தியவள்.

நானே மறந்துவிட்ட சொற்களை அவள் நெஞ்சில் இருத்தியிருந்தாள். என் மாணவருள் எவரும் அவ்வாறு செய்ததில்லை. அந்தச் சிரிப்பை எள்ளல் என்று பிழைபடக் கொண்டவன் நான் ஒருவனே.

ஆவணி முதல் நாள், அவள் வருவதாகச் செய்தியேதும் வராத நிலையில், விடியுமுன் அமிர்திக்கு இறங்கினேன். முதல் பேருந்தில் அவள் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. நண்பகல் தாண்டி வந்த பேருந்தில் தமையனோடு இறங்கினாள். கையில் அதே பெட்டி, அதே கனம். வழிநெடுக ஆராய்ந்து வைத்திருந்த மன்னிப்பைச் சொன்னேன்: “உன் நகைப்பின் பொருளறியாது பிழை செய்தேன், பொறுத்தருள்க.”

அவள் சட்டெனப் பேருந்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

“இன்னா மாப்ள, வந்ததும் வராததுமா அழ வெச்சிட்டீங்க?” என்றார் தமையன்.

“அழலண்ணா” என்பதற்குமேல் அவளால் பேச இயலவில்லை.

அதன்பின் மலையில் எட்டாண்டுகள் இருந்தோம். ஆண்டுக்கொருமுறை அந்த வண்டி வரும். அதே கலைஞரின் வேறு வேறு படங்கள் வரும். நான் கருவியருகே நின்று படிப்பேன். துணிக்கு அப்பாலிருந்து அவள் சிரிப்பு வரும். வீட்டிலோ முந்தானை முந்திக்கொள்ளும். எண்பதுகளில் தொலைக்காட்சி பரவியது, வண்டி நின்றது. அவளும் இன்று இல்லை. அந்தப் படங்களை இப்போது வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. குடை கொண்டு செல்பவனின் முகம் எத்துணை நுட்பமாகத் துயருறுகிறது என்பதை இப்பொழுதுதான் காண்கிறேன்.

நான் காணாத முகம் வேறொன்று. வாய்விட்டுச் சிரிக்கையில் அவள் எப்படியிருப்பாள் என்பதை ஒருமுறையும் நான் முழுமையாகக் கண்டதில்லை. இடையில் இருந்தது ஒரு துணிதான். பின்வாயில் பத்தடித் தொலைவுதான். ஏதோ ஓர் ஆண்டில், ஏதோ ஓர் எழுத்தைப் படிக்காமல் விட்டுவிட்டுச் சென்று பார்த்திருக்கலாம் என்று பலமுறை எண்ணியதுண்டு. ஆனால் நான் படிக்காவிட்டால் அவள் சிரித்திருக்க மாட்டாள்.