பதினோரு செட்டு, ஒரே கட்டம்

போன வாரம் என் வண்டி நின்றுவிட்டது. வண்டி என்றால் பழைய மொபெட். அதற்கும் எனக்கும் ஒரே வியாதி, ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கும். ராஜபாளையம் ரோட்டு ஒர்க்‌ஷாப் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். மெக்கானிக் தம்பி என்ஜினைப் பிரித்துப் போட்டான். கை துடைக்க மூட்டையிலிருந்து ஒரு துணியை உருவினான். மாம்பழ மஞ்சள். அதில் அரக்குக் கட்டம்.

"தம்பி, அத இங்கன தா."

"இது வேஸ்ட்டு பெரியப்பா. கிரீஸு. வேற நல்லதா தாரேன்."

"அதையே தா."

ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கொடுத்தான். துணியில் குறுக்கே ஒரு வரிசை ஓடியது. எறும்பு போகிற மாதிரி சின்னச் சின்னத் திருக்கு. ஒவ்வொரு திருக்குக்கும் ஒரு நூல் வால். எல்லா வாலும் இடது பக்கம் சாய்ந்து கிடந்தது. வேறு யாருக்கும் அது அழுக்குத் துணி. எனக்கு அது என் கை.

சங்கரன்கோவிலில் அப்போது தெருவுக்குத் தெரு விசைத்தறி. தகரக் கூரை போட்ட செட்டு, உள்ளே நாலு தறி, ஆறு தறி. தறி ஓடினால் தெருவே அதிரும். பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசுவதற்கும் கத்த வேண்டும். அதனால்தான் எங்கள் ஊர்க்காரர்கள் இப்போதும் பஸ்ஸில் போனில் பேசினால் டிரைவர் திரும்பிப் பார்ப்பார்.

நான் தறி ஓட்டியவன் இல்லை. பாவு பிணைக்கிறவன். தறியில் நீளவாக்கில் இருக்கிற நூல்தான் பாவு. அது தீர்ந்துபோனால் புதுப் பாவு கொண்டுவந்து வைப்பார்கள். பழைய நூலின் வாலையும் புது நூலின் தலையையும் ஒவ்வொரு இழையாகச் சேர்த்துத் திருக்க வேண்டும். மூவாயிரம் இழைக்கு மேல் இருக்கும். விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வேன். வேலை முடிந்து வந்தால் இரண்டு விரலும் வெளுத்துப் போயிருக்கும். சோற்றில்கூடச் சாம்பல் ருசி. அது பழகிவிட்டது.

நான் இடது கைக்காரன். என் திருக்கு எல்லாரையும் போல இருக்காது, எதிர்ப்பக்கம் சுற்றும். ஆரம்பத்தில் ஏச்சுதான். "ஏலே, தலகீழாப் பொறந்தியா நீ?" என்பார்கள். நூல் அறாது என்று தெரிந்ததும் ஏச்சு நின்றது.

தறிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரி சண்முகத்தாய் உட்காருவாள். அவள் இழை எடுத்துக் கொடுப்பாள், நான் திருக்குவேன். நாங்கள் போனால் அந்தத் தறி நின்றிருக்கும். மற்ற தறி ஓடும். அந்தச் சத்தத்தில் அவள் என்னை என்ன திட்டினாலும் எனக்குக் கேட்காது. முப்பது வருஷம் சண்டை இல்லாமல் குடும்பம் நடத்திய ரகசியம் அதுதான்.

பிணைக்கிறவனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எழுதி வைத்தது இல்லை. ஒரு செட்டில் என்ன ஓடுகிறது என்று இன்னொரு செட்டில் சொல்லக் கூடாது. என்ன கலர், என்ன கரை, யாருக்கு நெய்கிறார்கள், எதுவும் வாயில் வரக் கூடாது. எனக்கு முன்னால் பிணைத்த ஒருத்தர், ஆடித்தபசுத் திருவிழா நெருக்கத்தில் ஒரு புதுக் கரையைப் பற்றி டீக்கடையில் பேசிவிட்டார். அதற்குப் பிறகு அவரை ஒரு செட்டிலும் கூப்பிடவில்லை. வாசுதேவநல்லூர்ப் பக்கம் வயல் வேலைக்குப் போனார்.

நான் அஞ்சாம் வகுப்பு. பேச்சும் வராது. அது வேலைக்கு வசதியாகப் போயிற்று. "அவனக் கூப்பிடு, அவன் வாயத் தொறக்க மாட்டான்" என்று பதினோரு செட்டில் என்னைக் கூப்பிட்டார்கள்.

அதில் ஒன்று சங்கரலிங்க அண்ணாச்சி செட்டு. நாலு தறி. வெள்ளைத் துண்டு நெய்துகொண்டிருந்தார். பெரிய லாபம் இல்லை, கஷ்டமும் இல்லை. அவர் வீட்டுக்காரியை நாங்கள் மதினி என்போம். பிணைக்கப் போனால் மதியச் சாப்பாடு மதினி கைச் சாப்பாடுதான். கூலிக்காரன் என்று தனி இலை கிடையாது. அவர்கள் சாப்பிடுகிற இடத்திலேயே எங்களுக்கும்.

ஒரு நாள் போனேன். புதுப் பாவு வந்திருந்தது. மாம்பழ மஞ்சள், அரக்கு. அண்ணாச்சி என் காதுப் பக்கம் குனிந்தார்.

"வெளியூர் யாவாரி ஒருத்தன் மாட்டியிருக்கான். கட்டம் போட்ட சேல. பாவு அவனே தாரான், சேலைய அவனே எடுத்துக்கிடுதான். நம்ம ஊர்ல நான் மட்டுந்தான் போடுதேன். மூச்சு விட்ராத."

"சரி அண்ணாச்சி."

பத்து நாள் கழித்து வேறு தெருவில் வேறு செட்டு. அதே மஞ்சள், அதே அரக்கு. அந்த முதலாளியும் குனிந்தார். "நான் மட்டுந்தான் போடுதேன். வெளிய தெரியப்படாது."

"சரி அண்ணாச்சி."

அடுத்த மாதம் மூன்றாவது செட்டு. அப்புறம் நாலாவது. சண்முகத்தாய் இழைகளுக்கு நடுவிலிருந்து என்னைப் பார்ப்பாள். நான் சாம்பலைத் தொடுவேன். மழைக்காலம் முடிவதற்குள் பதினோரு செட்டிலும் அந்தக் கட்டம்தான் ஓடியது. பதினோரு பேரும் என் காதில் சொன்னது ஒரே ரகசியம். அடுத்தவன் செட்டுக்குள் எட்டிப் பார்ப்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. நெய்தவர்கள் எல்லாம் வீட்டு ஆட்கள், சொந்தக்காரர்கள். சேலையை வெள்ளைச் சாக்கில் தைத்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஊர் முழுக்க ஒரே சேலை என்று தெரிந்தது அந்த வியாபாரிக்கு. அப்புறம் எங்கள் இரண்டு பேருக்கு.

ஒரு காலையில் அண்ணாச்சி செட்டில் பிணைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கரண்ட் இல்லை. எல்லாத் தறியும் நின்றிருந்தது. அண்ணாச்சி டீ டம்ளரோடு வந்து குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார்.

"எட்டுத் தறி புதுசா போடலாம்னு இருக்கேன். வீட்டுப் பத்திரத்த வைக்கணும். ஒங்க மதினி செயினையும் கழட்டித் தந்துட்டா."

நான் அடுத்த இழையைத் திருக்கினேன்.

"நீ நாலு எடம் போறவன். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இந்தக் கட்டம் வேற எங்கயாவது ஓடுதா? ஓடுதுன்னா பத்திரம் பீரோவுலயே கெடக்கட்டும்."

சத்தம் இல்லாத செட்டு. அவர் கேட்டது எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல வழியில்லை. சண்முகத்தாய் கை நின்றுவிட்டது.

"நான் இழையத்தான் பாக்கேன் அண்ணாச்சி. துணியப் பாக்கது இல்ல."

அவர் சிரித்தார். என் தோளில் தட்டினார். நான் இல்லை என்று சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

அப்போது மனதில் என்ன ஓடியது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒருத்தரிடம் சொன்னால் பத்துப் பேரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று நினைத்தேன். அது பாதி. எட்டுத் தறி என்றால் எட்டுப் பாவு. அதையும் நினைத்தேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் சண்முகத்தாய் கேட்டாள். "அந்த வீட்டுச் சோறு தின்னுருக்கோம்லா?"

"தொழில் கட்டுப்பாடு ஒண்ணு இருக்குல்லா."

"கட்டுப்பாடு சோறு போடுமா? நான் போயி மதினிகிட்ட சொல்லுதேன்."

"சொன்னா நாளைக்கு நமக்கு வேல இருக்காது."

அவள் முன்னால் நடந்துவிட்டாள். ஆனால் மதினியிடம் போய்ச் சொல்லவில்லை.

எட்டுத் தறி வந்தது. கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நறுக்கி, முதல் பாவு நான்தான் பிணைத்தேன். மதினி கழுத்தில் மஞ்சக் கயிறு மட்டும் கிடந்தது. கேசரி கிண்டியிருந்தார்கள். எனக்கு இரண்டு தடவை வைத்தார்கள். மறுக்கத் தெரியாமல் தின்றேன்.

அண்ணாச்சியைப் பார்த்து மற்றவர்களும் தறி போட்டார்கள். அவரும் கடன், இவரும் கடன். பண்டிகைச் சமயத்தில் பதினோரு செட்டுச் சேலையும் ஒன்றாகச் சந்தைக்குப் போய் விழுந்தது. எந்தக் கடைக்குப் போனாலும் அதே மஞ்சள். வியாபாரி முதலில் "அடுத்த வாரம்" என்றான். அப்புறம் கூலியைக் குறைத்தான். அப்புறம் கூப்பிட்டால் அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சேலை மூட்டை வீட்டுக்குள் வந்தது. கட்டிலுக்கு அடியில், அடுப்பங்கரையில், சாமி படத்துக்குக் கீழே.

ஊர் ஏன் படுத்துவிட்டது என்று இன்றைக்கும் டீக்கடையில் பேசுவார்கள். ஒருத்தர் கரண்ட் பில் என்பார். ஒருத்தர் நூல் விலை என்பார். வரி என்பார் ஒருத்தர். வடக்கே பெரிய மிஷின் வந்துவிட்டது என்பார் இன்னொருத்தர். எல்லாம் உண்மைதான். அதெல்லாம் பின்னால் வந்து படுத்திருந்தவனை மிதித்தது. கீழே தள்ளியது எது என்று யாரும் சொல்வதில்லை. நானும் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

அண்ணாச்சி தறிகளை எடைக்குப் போட்டார். பழைய இரும்புக்காரன் வந்தான். தறியில் பாதிப் பாவு நின்றது. அதை அறுத்தால்தான் தறியைத் தூக்க முடியும். "பிணைச்சவனே அறுக்கட்டும்" என்று ஆள் விட்டார் அண்ணாச்சி. போனேன். அரைநாள் உட்கார்ந்து பிணைத்த பாவு. கத்தியை ஒரு இழுப்பு இழுத்தேன், விழுந்தது.

அப்புறம் வீடு போயிற்று. அண்ணாச்சியும் மதினியும் திருப்பூருக்குக் கிளம்பினார்கள். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை. பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மதினி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கம் திரும்பவில்லை. அண்ணாச்சி படியில் நின்றுகொண்டு கேட்டார்.

"ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும் அண்ணாச்சி."

அவர் கொஞ்ச நேரம் என் விரலைப் பார்த்தார்.

"என் செட்டுல ஓடுனதயும் நீ யார்ட்டயும் சொல்லல. அதுவரைக்கும் சரி."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பஸ் போய்விட்டது. அவர்கள் திரும்பி வரவில்லை. அண்ணாச்சி அங்கேயே இறந்துபோனார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

இப்போது அந்தச் செட்டுகளில் ஒன்றில் தண்ணீர் கேன் அடுக்கியிருக்கிறார்கள். ஒன்றில் பூ மூட்டை கட்டுகிறார்கள். ஒன்றுக்குக் கூரையே இல்லை. தெருவில் நின்றால் கோயில் மணி கேட்கிறது. முன்னெல்லாம் கேட்டதே இல்லை.

அந்தத் துணியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சண்முகத்தாய் சோப்புப் போட்டு அலசிக் கொடியில் போட்டாள். கிரீஸ் முழுசாகப் போகவில்லை. காய்ந்த பிறகு எடுத்து, அந்த வரிசை மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"உங்க கைதான்."

"ஆமா."

"எந்த செட்டு?"

நான் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். சொன்னால் இப்போது யாருக்கும் நட்டம் இல்லை. காசு கொடுத்து அந்த ரகசியத்தைக் கேட்கிறவனும் இல்லை. நெய்தவர்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லை. திருப்பிப் பார்த்தேன். அதே மஞ்சள். அதே அரக்கு. அதே கை.

"தெரியலட்டி" என்றேன்.

பதினோரு செட்டில் எது என்று எனக்கே தெரியவில்லை.