அம்மா தடுத்த பாட்டு

எங்கள் அம்மா கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. அவர்களை அறிந்த உங்கள் கைகளில் மகளாகிய நான் இதை வைக்கிறேன்.

அம்மா பள்ளங்கியில் பூண்டு பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவர்கள். எழுபதுகளின் தொடக்கத்தில், கொடைக்கானலில் பள்ளி வேன் ஓட்டிய அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார்கள். ஜெபம், உழைப்பு, வந்தவருக்கு இலை போடும் மனம் எல்லாம் அம்மாவிடம் உண்டு. பொறாமையும் உண்டு. அதை மறைத்து எழுதினால் அம்மாவே கோபிப்பார்கள்.

அப்பா சவரம் செய்யும்போது ஓர் ஆங்கிலப் பாட்டைப் பாடுவார்கள். அம்மா பக்கத்து வீட்டு டீச்சரிடம் பொருள் கேட்டார்கள்.

"தலை நரைச்சாலும் உன் வாசல்லதான் நிப்பேன், உன் பேரைத்தான் கூப்பிடுவேன்னு ஒருத்தன் காதலிக்குப் பாடுறான்," என்றார் டீச்சர்.

யாருக்காகப் பாடிய பாட்டு என்று அம்மா கேட்க, அன்று மாலையே அப்பா ஒப்புக்கொண்டார்கள். வட்டக்கானல் விடுதியொன்றில் வேலை பார்த்த ரோஸி என்ற பெண்ணுக்காகக் கல்யாணத்துக்கு முன் பழகிய பாட்டு அது. அந்தப் பெண் வேறொருவரை மணந்து கோவைக்குப் போய்விட்டார்.

"இனி இந்த வீட்ல அந்தப் பாட்டு கேக்கக் கூடாதுங்க," என்றார்கள் அம்மா.

அப்பா நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்கு ஆறவில்லை. வட்டக்கானல் பக்கம் காலே வைக்கவில்லை. மாமா தம் மகளுக்கு ரோஸி என்று பெயரிட்டபோது ஞானஸ்நானத்துக்கே போகவில்லை.

எண்பதுகளில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. "பேச்சு போனவங்களுக்கும் சில சமயம் பாட்டு வரும். நல்லாத் தெரிஞ்ச பாட்டா பாடிக் காட்டுங்க," என்றார் நர்ஸ். கோயில் பாட்டெல்லாம் பாடினோம். அப்பா வாய் திறக்கவில்லை. மிஞ்சியது அந்த ஒன்றுதான்.

அம்மா மறுநாள் டீச்சரிடம் போய் வார்த்தை வார்த்தையாகக் கற்றுவந்து, கட்டிலருகே உட்கார்ந்து, கண்ணீரும் கோபமுமாகப் பாடத் தொடங்கினார்கள். சில வாரத்தில் அப்பாவின் உதடு அசைந்தது. காதலியை அழைக்கும் இடம் வந்ததும் அம்மா பாட்டை நிறுத்தி, அப்பாவின் வாயையே பார்த்தார்கள்.

"புள்ள," என்றார்கள் அப்பா. அம்மாவை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"புள்ளன்னா யாருக்கும் பொருந்தும். பேரைச் சொல்லுங்க."

அப்பா திக்கித் திணறி அம்மாவின் பெயரைச் சொன்னார்கள்.

"இதை வெரசா சொன்னா என்னவாம்," என்று அம்மா முந்தானையில் முகம் புதைத்து அழுதார்கள். அப்பா இருந்தவரை அதன்பின் தினமும் எங்கள் வீட்டில் அந்தப் பாட்டு கேட்டது.

கற்றுக்கொடுத்த டீச்சருக்கும், நர்ஸம்மாவுக்கும், அம்மாவின் கடைசி நாட்களில் கஞ்சி கொண்டுவந்து ஊட்டிய அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி. அப்பாவின் கல்லறைக்கு இருபுறமும் இடம் காலியாக இருந்தபோது, "ரெண்டும் எனக்குத்தான்" என்று அம்மா பிடித்த பிடிவாதத்தைப் பொறுத்து, இரண்டையும் காத்துத் தந்த கோயில் உபதேசியாருக்குத் தனி நன்றி. ஒருபுறம் அம்மா இருக்கிறார்கள். மறுபுறத்தை, அவர்கள் சொற்படி, யாருக்கும் கொடுக்கவில்லை.